பூட்டிய அலமாரியும் ஸ்டெபியின் குரலும்

தலைமையேற்றிருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஜேசுபாதம் அண்ணாச்சி அவர்களே! முந்தி வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்ட பெரியோர்களே! மீன் ஏலம் முடித்து மூச்சிரைக்க ஓடிவந்திருக்கும் வேம்பார்க் கரையின் தாய்மார்களே! பந்தலுக்குப் பின்னால் பதுங்கி நிற்கும் பிள்ளைச் செல்வங்களே! நூலகப் பொறுப்பாசிரியை சண்முகசுந்தரியின் வணக்கம்!

நூலக அறையை ஸ்பெஷல் கிளாஸுக்குக் கொடுத்துவிடலாமா என்று முடிவெடுக்கக் கூடியிருக்கிறோம். கொடுக்கக் கூடாது! ஏன்?

பத்தாம் வகுப்பில் ஸ்டெபி என்றொரு மாணவி. அவள் சம்மதத்தோடுதான் சொல்லுகிறேன்; அதோ, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என்னை முறைக்கிறாள்! காலாண்டுத் தேர்வில் அவள் வாங்கிய குறைந்த மதிப்பெண்ணை வகுப்பில் உரக்க வாசித்த அன்று அவள் பேச்சு நின்றது. சோறு இறங்கவில்லை. பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அவள் வீட்டுக்கே போனேன். 'நூலகத்தில் வந்து இரு. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்' என்றேன். வந்தாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

அங்கே நாங்கள் செய்திருந்த கூத்தைக் கேளுங்கள்! உப்புக்காற்று பட்டுவிடுமே என்று புத்தகங்களை அலமாரியில் பூட்டி, பூட்டி, பூட்டியே வைத்திருந்தோம். ஒருநாள் திறந்தால் அத்தனையிலும் பூஞ்சை! வெயிலில் பரப்பினேன். பின்னால் ஒரு குரல்.

"டீச்சர், கருவாடு காயப்போட்டா திருப்பிவிடணும்லா? ஒரு பக்கமே வெயில் பட்டா எப்படி?"

மாதக்கணக்கில் கேளாத குரல்! நான் திரும்பவில்லை, கண் கலங்கியதை அவள் பார்த்துவிடுவாளே! "ஏளா, நீதான் வந்து திருப்பு" என்றேன். திருப்பினாள், திருப்பிய பக்கத்தைப் படித்தாள், படித்ததைப் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள், சொல்லிச் சிரித்தாள்!

என்ன கிங்ஸ்டன் அண்ணாச்சி? "மார்க்கு வருமா?" என்கிறீர்களா? பள்ளிக்கே வராத பிள்ளைக்கு மார்க்கு எங்கிருந்து வரும்? பாடம் சொல்ல எத்தனையோ அறைகள் உண்டு. பயந்த பிள்ளை பயமின்றி மூச்சுவிட இந்த ஓர் அறையல்லவா உண்டு? புத்தகத்தைப் பூட்டிவைத்துப் பூஞ்சை கண்டோமே, பிள்ளைகளின் அறையைப் பூட்டி என்ன காணப்போகிறோம்?

ஸ்பெஷல் கிளாஸ் வேண்டும், மறுக்கவில்லை. எங்கள் ஆசிரியர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள்! எல்லா ஆசிரியர்களிடமும் பேசிவிட்டுத்தான் மேடையேறினேன். இனி எங்கள் சாப்பாட்டு டப்பாக்களை நூலக வராந்தாவில் திறந்துகொள்கிறோம்.

கை தட்டுகிறீர்களே, தட்டிய கையை அப்படியே தூக்குங்கள்! தலைவர் அவர்களே, பார்த்துக்கொள்ளுங்கள்! அடடே, கிங்ஸ்டன் அண்ணாச்சியின் கையும்! உயர்ந்த கைகளுக்கெல்லாம் நெஞ்சு நிறைந்த நன்றி, வணக்கம்!

ஏளா ஸ்டெபி, உனக்கு இங்கே ஓட்டுக் கிடையாது. ஆனாலும் கையை இறக்கிவிடாதே!