முலாம்: கை படாதது

பழைய கடிகாரம் வாங்க வருகிறவர்கள் முதலில் அது ஓடுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். அது அவ்வளவு முக்கியமில்லை. ஓடாததை ஓட வைத்துவிடலாம். மேலே இருக்கும் முலாம்தான் முக்கியம், அது போனால் போனதுதான்.

நான் விற்பதெல்லாம் ஐரோப்பிய வீடுகளில் குளிர்காயும் கணப்படுப்புக்கு மேலுள்ள பலகையில் வைப்பதற்காக இருநூறு வருஷத்துக்கு முன்னால் செய்த அலங்காரக் கடிகாரங்கள். ஒரு முழ உயரம் இருக்கும். வெண்கலத்தில் ஒரு பெண், காலடியில் ஒரு நாய், இரண்டு தூண், நடுவில் வெள்ளைப் பீங்கான் முகப்பு. வெண்கலத்தின் மேல் தங்க முலாம். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு நிலைக்குறிப்பு எழுதிக் கொடுப்பேன். பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தால் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் என்று எழுதுவேன். மணியடிக்கும் சுத்தியலை யாராவது மாற்றியிருந்தால் அதையும் மறைக்க மாட்டேன். குறிப்பை மட்டும் படித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்க்காமலே வாங்கியவர்கள் உண்டு. அந்தப் பெயரைச் சம்பாதிக்க இருபத்திரண்டு வருஷம் ஆனது. அதில் எனக்கிருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

முலாம் தேய்ந்த கடிகாரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மின்சாரத் தொட்டியில் முக்கிப் புதிதாகப் போடலாம். ஆனால் அது மிட்டாய்த் தாள் மாதிரி மின்னும், தெரிந்தவர் வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவார். அந்தக் காலத்து முறை வேறு. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்தால் வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். அதைத் தூரிகையால் பூசி அடியில் சூடு காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் தங்கிவிடும். எங்கள் கடைப் பின்னறைக்கு ஒரே ஒரு ஜன்னல். காற்று அடித்தால் சூடு ஒரே சீராக ஏறாது. எதிர்மாடியில் நிற்பவர்களுக்கு உள்ளே நடப்பதும் தெரிந்துவிடும். அந்த ஜன்னலை அட்டை வைத்து ஒட்டியது நான்தான்.

வேலையைச் செய்தவள் என் தங்கை. புருஷனோடு ஒத்துப்போகாமல் ஒரு பெட்டியோடு என்னிடம் வந்தவள். "சும்மா ஒக்காந்து உன் சோத்தைத் தின்ன மாட்டேன்ணா, ஏதாவது வேலை குடு" என்றாள். கொடுத்தேன். ஒரு வாரத்தில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். அப்படி ஒரு கை. வாயும் அப்படித்தான், ஓயாது. கடைக்கு வருகிறவர்கள் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். "கேக்கறது இலவசம், நிறுத்தணும்னாத்தான் காசு" என்று அவளும் விடமாட்டாள்.

முதல் நாளே கேட்டாள். "பாதரசம் ஒடம்புக்கு ஆகாதும்பாங்களே, ஒண்ணும் பண்ணாதில்ல?"

"நாக்குல வைக்காத வரைக்கும் ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

முலாம் வேலையைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. அந்த வேலை செய்தவர்களுக்கு முதலில் பல் போகும், பிறகு கை, நாற்பதைத் தாண்டுகிறவர்கள் குறைவு என்று அதில் தெளிவாக இருந்தது. அவளிடம் கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். எனக்கு இருமல் தொந்தரவு, அடுப்பு எரியும்போது உள்ளே வர முடியாது என்றும் சொல்லி வைத்தேன். எனக்கு இருமல் கிடையாது.

முடிந்த கடிகாரத்துக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். "முலாம்: பழையது, கை படாதது." முதல் தடவை எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது. மூன்றாவது கடிகாரத்தில் அந்தத் தயக்கம் இல்லை.

இரண்டு வருஷத்தில் பதினோரு கடிகாரம். அதில் எட்டை ஒருவரே வாங்கினார், எங்கள் தெருமுனைப் பல் டாக்டர். நல்ல மனுஷன். வாரத்துக்கு ஒரு நாள் வந்து அரை மணி நேரமாவது தங்கையோடு வாயடித்துவிட்டுப் போவார்.

இரண்டாவது வருஷம் அவளுக்கு ஈறில் ரத்தம் வர ஆரம்பித்தது. எதைச் சாப்பிட்டாலும் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு பேச்சு குறைந்தது. யாராவது உள்ளே வந்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள். ரேடியோவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம், வயசாகிறதில்லையா, அடக்கம் வந்துவிட்டது என்றேன். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. கடை அமைதியானது எனக்குப் பிடித்துக்கூட இருந்தது.

அப்புறம் கை நடுங்கியது. டம்ளரில் பாதித் தண்ணீர் மேலே சிந்தும். ஒரு நாள் வெண்கல நாயைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். "பாழாக்கிட்டேன்ணா. பிரஷ் நிக்கவே மாட்டேங்குது."

வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பாழாகவில்லை. ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு. இருநூறு வருஷம் பல பேர் துணியால் துடைத்தால் முலாம் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது. எந்த நிதானமான கையாலும் அதைச் செய்ய முடியாது. இதுதான் இதுவரைக்கும் செய்ததிலேயே உசத்தி என்று அவளிடம் சொன்னேன். குழந்தை மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு இன்னும் நாலு கடிகாரம் கொடுத்தேன். அந்த நடுக்கம் எனக்கு வேண்டியிருந்தது. இதை வாய் திறந்து சொல்வது இதுதான் முதல் முறை. வெட்கமாக இருக்கிறது.

பல் டாக்டர் ஒரு நாள் அவளை வெளிச்சத்துக்கு அழைத்துப்போய் வாயைத் திறக்கச் சொன்னார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"இந்த வயசுல பல்லு இப்படி ஆடக் கூடாதுங்க. ஈறு ஓரத்துல ஒரு கறுப்புக் கோடு வேற. பின்னாடி என்ன மருந்து வச்சு வேலை பண்றாங்க? சொன்னீங்கன்னா இன்னிக்கே வைத்தியம் ஆரம்பிச்சுடலாம். இன்னும் ஒண்ணும் கெட்டுப்போயிடல."

அவர் அப்படித்தான் சொன்னார். ஒரு வார்த்தை போதும் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைச் சொன்னால் அவர் வீட்டில் இருக்கும் எட்டுக் கடிகாரமும், நான் எழுதிக் கொடுத்த எட்டுக் குறிப்பும் என்னவென்று அடுத்த நிமிஷமே அவருக்குப் புரிந்துவிடும் என்பதும் தெரியும்.

"எண்ணெயும் சோப்புத் தண்ணியும்தான் டாக்டர்" என்றேன்.

அவர் என்னை நம்பினார். எல்லாரும் என்னை நம்புவார்கள். நரம்புக் கோளாறாக இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அவர் போன பிறகு தங்கை கேட்டாள். "ஏன்ணா பாதரசம்னு சொல்லல?"

"சொன்னா என் பேரு போயிடும்."

"அது ஒண்ணும் பண்ணாதில்ல?"

"ஒண்ணும் பண்ணாது."

"அப்ப சரி" என்று தூரிகையை எடுத்துக்கொண்டாள். அந்தச் சீட்டு ஏழு மாதம் என் மேஜை இழுப்பறையில் கிடந்தது.

நடக்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அங்கே நரம்பு டாக்டர் அவளிடமே நேராகக் கேட்டார். "வேலை செய்யற எடத்துல கெமிக்கல் ஏதாச்சும் புழங்குவீங்களாம்மா?"

அவள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சொல் என்று நான் லேசாகத் தலையசைத்திருந்தால் போதும். அவள் காலடியில் போர்வை விலகியிருந்தது. குனிந்து அதைச் சரி செய்தேன். நான் நிமிர்வதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள். "இல்ல டாக்டர். எண்ணெயும் சோப்புத் தண்ணியும்தான்."

அதற்கப்புறம் பதினாறு நாள் இருந்தாள். அவள் போய் மூன்றாம் நாள் வந்த ரத்தப் பரிசோதனை முடிவைத்தான் இப்போது நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள். அதில் இருப்பது சரிதான். ஜன்னலை ஒட்டியது நான், பக்கத்தைக் கிழித்தது நான், தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று நான் அவளிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அது அவளாக எடுத்த முடிவு.