ஒற்றைக்கால் சோதனை

என் கைகள் எப்போதும் கதகதப்பாக இருக்கும். குளிர்காலக் காலையில் சட்டையைக் கழற்றிவிட்டு மேசையில் குப்புறப் படுக்கும் ஆட்டக்காரனுக்கு அது பெரிய ஆறுதல். நான் டாக்டர் இல்லை, இந்த மாகாணக் கிரிக்கெட் அணியின் பிசியோ. பையன்கள்தான் டாக்டர், டாக்டர் என்று கூப்பிட்டுப் பழக்கிவிட்டார்கள்.

மூட்லி அம்மா, உங்கள் விசாரணைக் குழு என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். கோச் அஷ்ரஃப் அளவுக்கு மீறிப் பந்து வீச வைத்ததால்தான் எங்கள் வேகப்பந்து வீச்சாளன் வுயிசாவின் முதுகு போயிற்று என்று நீங்கள் முடிவுகட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன். அது அவருக்கு இழைக்கும் அநியாயம். ஹென்னிக்கு நியாயம் முக்கியம் என்று என்னைத் தெரிந்த எல்லாரும் சொல்வார்கள்.

இந்த நாட்டில் ஒரு காலத்தில் பெரிய மைதானங்களில் வெள்ளையர்கள் மட்டுமே ஆடினோம். தப்புதான், நான் மறுக்கவில்லை. அதற்குப் பரிகாரமாக, களமிறங்கும் அணியில் இத்தனை பேர் கறுப்பர்களாக இருக்க வேண்டும் என்று வாரியம் கோட்டா என்று ஒரு கணக்கு வைத்தது. ஆனால் பாவம் செய்தவன் ஒருவன், பரிகாரம் செய்பவன் இன்னொருவனா? டேவால்ட் அப்போது பிறக்கக்கூட இல்லை.

டேவால்ட் எனக்கு உறவில்லை. என்னை மாமா என்று கூப்பிடுவான். எங்கள் ஆட்களில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பாவின் பண்ணையிலிருந்து உப்பிட்டு உலர்த்திய மான்கறி கொண்டுவந்து கொடுப்பான். அருமையான வேகப்பந்து வீச்சாளன்.

திங்கட்கிழமைதோறும் பந்து வீசுகிறவர்களுக்கு ஒரு சோதனை வைப்பேன். ஒற்றைக்காலில் நின்று பின்னால் வளைய வேண்டும். வலக்கையால் வீசுகிறவனுக்கு இடுப்புக்கு மேலே இடப்பக்கம் சுருக்கென்று வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். போன வருடம் டேவால்ட்டுக்கு அப்படி வலித்தது.

"இந்த ஒரு மேட்ச் மட்டும் ஆடிக்கிறேன் மாமா," என்று கெஞ்சினான்.

"உங்கம்மாவுக்கு யாருடா பதில் சொல்றது? பேசாம வீட்டுக்குப் போய்ப் படு," என்று அதட்டி அனுப்பினேன். அன்றே ஸ்கேன் எடுக்க ஏற்பாடு செய்தேன். விரிசல்தான். பல மாதம் ஓய்வெடுத்து, முழுசாகக் குணமாகித் திரும்பினான். திரும்பியபோது அவன் இடத்தில் கறுப்பினப் பையன் வுயிசா இருந்தான்.

வுயிசா நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். ஒருமுறை அவன் தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டே, கிரிக்கெட்டை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"எங்க ஊர்லதான் டாக்டர். எங்க கொள்ளுத்தாத்தா ஊர் டீமுக்கு கேப்டன். எங்களுக்குக் கிறிஸ்துமஸ்னா ஆட்டுக்கறியும் மேட்சும்தான்."

நான் சிரித்துவிட்டேன். இளவட்டங்கள் கதை விடுவது சகஜம்.

உடைமாற்றும் அறையில் அவனைச் சீண்டுவார்கள். "டேய் கோட்டா, உனக்கெல்லாம் வலிக்குமாடா?" என்பான் ஒருவன். வுயிசாவும் சேர்ந்து சிரிப்பான். உண்மையிலேயே வலிக்கிறபோதும் அவன் சொல்ல மாட்டான் என்பதை நான் அப்போதே கவனித்திருந்தேன்.

இறுதிப் போட்டி நடந்த வாரம். திங்கட்கிழமை சோதனையில் வுயிசா இடக்காலில் நின்று பின்னால் வளைந்தான். உதடு இறுகியது.

"வலிக்குதா?"

"லேசா, டாக்டர். பரவால்ல."

கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். அவன் உடம்பு முழுக்கத் துள்ளியது. எனக்குத் தெரிந்துவிட்டது. "தசைப்பிடிப்புடா," என்றேன்.

"ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாமா?"

"எடுக்கலாம். எடுத்தா ஃபைனல் ஆட விடமாட்டாங்க. அப்புறம் வெளியில என்ன பேசுவாங்கன்னு உனக்கே தெரியும்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டான். "கோட்டா பையன், கஷ்டமான மேட்ச்னதும் காயம்னு படுத்துக்கிட்டாம்பாங்க. வேணாம் டாக்டர், ஆடுறேன்."

அதைச் சொன்னது அவன்தான், நான் இல்லை. தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அவனை ஏன் ஓய்வில் அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். ஓய்வு கொடுத்தால் விரிசல் ஆறிவிடும். குணமாகித் திரும்பி வருவான், வந்து அதே இடத்தில் நிற்பான். அதனால் நான் நடுவில் புகாமல் ஆட்டத்திடமே விட்டுவிட்டேன். தகுதியுள்ளவன் என்றால் தாங்கட்டும் என்று நினைத்தேன்.

போட்டியன்று கிழக்குக் காற்று அடித்தது. எங்கள் ஊரில் கிழக்குக் காற்று அடித்தால் விக்கெட் விழும் என்பார்கள். காலையில் வுயிசாவுக்கு வலி மாத்திரை கொடுத்தேன், மதியம் மறுபடி கொடுத்தேன். அவ்வளவு அழகாக அவன் வீசி நான் பார்த்ததில்லை. தேநீர் இடைவேளையில் அஷ்ரஃப் என்னிடம் வந்தார்.

"ஹென்னி, பையன் நெளியிறானே. போதும்னு நிறுத்திரட்டுமா?"

"நல்லாத்தான் இருக்கான். பந்தக் குடுங்க," என்றேன்.

இதற்காகத்தான் இங்கே வந்தேன். அஷ்ரஃப் நிறுத்தத்தான் பார்த்தார்.

இடைவேளை முடிந்து முதல் ஓவரிலேயே வுயிசா விழுந்தான். பந்தை விட்ட கையோடு முகம் குப்புற விழுந்தான். காய்ந்த கிளை முறிந்த மாதிரி சத்தம் கேட்டதாக நடுவர் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க கை சூடா இருக்கு டாக்டர். என் காலுதான் எங்க இருக்குன்னே தெரியல."

விரிசல் முழு முறிவாகி, நழுவிய எலும்பு நரம்பை நசுக்கிவிட்டது. இப்போது ஊன்றுகோல் வைத்துக்கொண்டு இடக்காலை இழுத்து இழுத்து நடக்கிறான். பந்து வீசுவதென்பது இனி இந்தப் பிறவியில் இல்லை. உங்களிடம் சாட்சி சொல்ல வந்தபோது, டாக்டர் மட்டும்தான் தன்னை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டார் என்று சொன்னானாம். நன்றி மறக்காத பையன். டேவால்ட் இந்தப் பருவம் பிரமாதமாக வீசுகிறான்.

ஆக, அந்த விரிசல் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அவனைக் களத்துக்கு அனுப்பினேன். ஆனால் குற்றம் யாருடையது என்று எழுதும்போது ஒதுக்கீட்டையும் சேர்த்து எழுதுங்கள். தகுதியை மட்டும் பார்த்து ஆளெடுத்திருந்தால் நான் இப்படிச் செய்திருக்க மாட்டேன்.

அஷ்ரஃப் பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் திங்கட்கிழமை காலை அவரிடமே நேராகக் கேட்டேன். "கோட்டா கணக்கு இல்லேன்னா டேவால்ட்டத்தானே எடுத்திருப்பீங்க?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "கணக்கா? அது வுயிசா இல்லாமலே நெறஞ்சிருச்சு, ஹென்னி. டேவால்ட்டவிட இவன் நல்லா வீசுறான், அதான் எடுத்தேன்."

அதைக் கேட்ட பிறகுதான் வுயிசாவைக் கூப்பிட்டு ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னேன்.