மூட்டை முடிச்சு

தையல்காரி: ...கதவைச் சாத்தாதீங்கக்கா. நான் சண்டைக்கு வரல.

மில்லுக்காரி: ஒடிஞ்ச காலை இழுத்துக்கிட்டு சண்டைக்கு வேற வருவியா? உட்காரு முதல்ல. மாவுக்கட்டு எப்பப் பிரிச்சாங்க?

தையல்காரி: நேத்து. அக்கா... பொதுக் கழிப்பறையில கழுவுற முறை எழுதுற பலகையைப் பார்த்தேன்.

மில்லுக்காரி: பார்த்தா?

தையல்காரி: கழுவுற முறையை மூணு வாட்டி விட்டா, அந்த வீட்டுக்குக் குடிதண்ணிக் குழாய் சாவி கிடையாதுன்னு விதி போட்டது யாரு?

மில்லுக்காரி: நான்தான். நீதான் தெருக் கமிட்டிக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு கத்துன. அதோட ஒரு வருஷமா என்கிட்ட பேச்சில்ல. அதுக்கென்ன இப்போ?

தையல்காரி: மூணு வாரமா நான் படுக்கையில. சாவியைக் கேட்டுடுவாங்களேன்னு பயந்துக்கிட்டே கிடந்தேன். போய்ப் பார்த்தா... என் பேருக்கு நேரா மூணு டிக்!

மில்லுக்காரி: நல்லதாப் போச்சு. ஏதாவது பேய் வந்து கழுவியிருக்கும்.

தையல்காரி: பேய் பிளீச்சிங் பவுடர் போடுமா?

மில்லுக்காரி: சுத்தபத்தமான பேயா இருந்தா...

தையல்காரி: சிரிக்காதீங்க. பவுடர் பையோட வாயைப் பார்த்தேன். உங்க மில்லுல மாவு மூட்டைக்குப் போடுற முடிச்சு. இந்தத் தெருவுல அந்த முடிச்சு போடுற கை ஒண்ணுதான்.

மில்லுக்காரி: ...பழக்கதோஷம். கை தன்னால போட்டுடுது.

தையல்காரி: உங்க முதுகுவலியோட... எனக்காகக் குனிஞ்சு... அக்கா, உங்க காலைக் காட்டுங்க, கும்பிட்டுக்கிறேன்.

மில்லுக்காரி: ஏய், குனியாத! விழுந்தேன்னா மறுபடியும் மூணு வாரம் நான்தான் கழுவணும்.

தையல்காரி: சாவி போயிருந்தா என் புள்ளைங்க குடிக்கத் தண்ணிக்கு எங்கக்கா போகும்? மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனவளுக்கு எதுக்குச் செஞ்சீங்க?

மில்லுக்காரி: மூஞ்சியைத்தான் திருப்பின... இரு, உள்ள போய் எடுத்துட்டு வரேன்... இந்தா. இது என்ன?

தையல்காரி: ஏதோ... பழைய துணி.

மில்லுக்காரி: நாம பேசாம இருந்தப்பதான், கோடையில குழாய்த் தண்ணியில சாக்கடை கலந்து, என் மக வாந்தி பேதியில கிடந்தாளே. நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சேன். தினம் விடிஞ்சதும் வாசல்ல ஒரு குடம், காய்ச்சி ஆறவச்ச தண்ணி. குடத்து வாயில இந்தத் துணி.

தையல்காரி: கமிட்டி ஆளுங்க யாராவது வச்சிருப்பாங்க...

மில்லுக்காரி: குடத்துல கட்டுற கந்தைக்குக்கூட நாலு பக்கமும் ஓரம் அடிக்கிற பைத்தியம், இந்தத் தெருவுல வேற யாருடி இருக்கா?