குகையில் படுத்திருந்தவன்

கடல் ஏறி வற்றும் நேரம் போட்ட அலை அட்டவணைப் புத்தகத்துக்கு நம் நாட்டுக் கடிகாரம் தெரியாது, சார்ஜென்ட். கோடையில் அதில் போட்டிருக்கும் நேரத்தோடு இரண்டு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று நாடே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளியபிறகு ஒன்று கூட்டினால் போதும். இந்த அஸ்தூரியாஸ் கரையில் பாறையில் ஒட்டிய கொட்டலசுச் சிப்பியைப் பெயர்த்து விற்றுப் பிழைக்கிற எவனும் தூக்கத்தில்கூட இதைச் சரியாகச் சொல்வான். மறுநாள் திங்கட்கிழமை, நான் இரண்டு கூட்டினேன். மறதி என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

என் மனைவி எலோய்னா அருங்காட்சியகத்துக்காகத் தோண்டுகிறவள். போன வருடப் புயல் கடற்குகையின் சுவரை உடைத்துப்போட்டது. உள்ளே ஒரு நியாண்டர்தால் மனிதன் கிடந்தான். மண்டை ஓடும் விலாவும் ஒரு கை எலும்பும் இருந்தன, தாடை இல்லை. அதனால் ஊமையன் என்று அவளே பெயர் வைத்தாள். கடல் வற்றும்போது மட்டும்தான் குகைக்கு வழி உண்டு. தினமும் வற்றும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பலகையில் எழுதுவதும், பாறை மேலே நின்று கயிற்றில் மண் வாளிகளைத் தூக்குவதும் என் வேலை.

அவன் பக்கத்தில் பலகை போட்டு, குப்புறப் படுத்து, சின்னத் தூரிகையால் அவனைத் துடைப்பாள். ஒரு சில்லு எலும்பா கல்லா என்று சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்ப்பாள். எலும்பு என்றால் நாக்கில் ஒட்டும். அந்த வாயோடுதான் வீட்டுக்கு வந்து என்னிடம் அவனைப் பற்றியே பேசுவாள்.

"பாவம், செனேன். கை உடைஞ்சு கூடியிருக்கு. எவ்வளவு வலிச்சிருக்கும் அவனுக்கு!"

அலை என்னைப் பாறையில் அடித்து, மண்டையில் ஏழு தையல் போட வேண்டிவந்த அன்று அவள் குகையை விட்டு வரவில்லை. அதை அவளிடம் நான் சொல்லிக்காட்டியதே கிடையாது.

என்னோடு கொட்டலசு பெயர்க்கிற திவோ மதுக்கடையில் சும்மா இருப்பானா? "உன் பொண்டாட்டி நாள் பூரா வேற ஒருத்தன் பக்கத்துல படுத்துக் கிடக்கா. நீ என்னடான்னா மேல நின்னு வாளி தூக்குற. நல்ல புருஷன்டா நீ!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐம்பதாயிரம் வருடம் முன்னால் செத்தவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

குளிர்காலம் வருமுன் அவனை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று துடித்தாள். திங்கட்கிழமைதான் கடைசி நாள். கடல் வற்றுவது பதினொன்று இருபதுக்கு. பன்னிரண்டு இருபது என்று எழுதினேன். இருபத்திரண்டு வருடத்தில் என் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை, அதனால் அவள் சரிபார்க்கவில்லை. கடல் அவனைக் கொண்டுபோகட்டும் என்றுதான் நினைத்தேன். தண்ணீர் வந்தால் அவனை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள் என்று நம்பினேன்.

அவளோடு தோண்டிய மாணவர்கள் இருவரும் கருவிகளோடு முன்னாலேயே கரையேறிவிட்டார்கள். ஒரு மணிக்கு வழி மூழ்கியது. எலோய்னா இடுப்பளவு தண்ணீரில் குகை வாசலுக்கு வந்தாள். கால் முறிந்தவனுக்குப் போடுவதுபோல மாவுக்கட்டுப் போட்ட மண்டை ஓடு அவள் நெஞ்சோடு இருந்தது.

"செனேன், கயிறு! கயிற விடு!"

விட்டேன். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறியிருப்பீர்கள். அவள் அவனைக் கட்டினாள்.

"முதல்ல இவன ஏத்து! மெதுவா, மெதுவா! தலை இடிச்சிடப் போகுது!"

மெதுவாகத்தான் ஏற்றினேன். எங்கும் இடிக்கவில்லை. பிறகு உட்கார்ந்து, கத்தியால் மாவுக்கட்டை ஒரு பக்கம் கீறி, அவன் முகத்தைப் பார்த்தேன். என்னிடம் இல்லாதது அவனிடம் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. கீழே அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த வருடத்திலேயே அன்றைக்குத்தான் அத்தனை முறை என் பெயரைச் சொன்னாள். கயிறு என் காலடியில்தான் கிடந்தது. நீளமும் போதும். இரண்டாம் முறை நான் அதை இறக்கவில்லை.

நான் மண்டை ஓட்டைக் காப்பாற்றியதாகப் பத்திரிகையில் போட்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். நேற்று அருங்காட்சியக இயக்குநர் அம்மாள் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கண்ணாடிப் பெட்டியில அவன வைக்கிறோம். பக்கத்துலயே எலோய்னா படம். ரெண்டு பேரும் இனி பிரியவே மாட்டாங்க."

இரவு முழுக்க யோசித்தேன். இப்போது எழுதுங்கள், சார்ஜென்ட். கொன்றவன் செனேன், கொல்லப்பட்டவள் எலோய்னா. இரண்டு பெயரும் ஒரே வரியில் வரட்டும். அவனைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வார்த்தைகூட வேண்டாம்.