நம்ம ஊரு ஆட்டம்

— மறுபடியும் சொல்லுங்க. அந்த ‘வாங்க வாங்க’ மட்டும்.

— எத்தனை வாட்டி மேடம்? உங்க ஸ்டூடியோ மைக்குல ஏதாச்சும் கோளாறா?

— மைக் நல்லாத்தான் இருக்கு. சொல்லுங்க, அருள்ராஜ்.

— வாங்க வாங்க, உக்காருங்க. இது நம்ம ஊரு ஆட்டம். இதுல நம்மள ஜெயிக்க யாரு இருக்கா?

— ம். மேல படிங்க.

— ‘நானூறு வருஷத்துக்கு முன்னாடி தென்னாட்டு அரண்மனையில பொறந்த ஆட்டம். ஸ்ரீரங்கத்துல வைகுண்ட ஏகாதசிக்குக் கண்முழிச்ச சனங்க விடிய விடிய ஆடின ஆட்டம். வடக்க அந்தர் பாஹர். நமக்கு மங்காத்தா, உள்ளே வெளியே...’

— நிறுத்துங்க. ஏகாதசிக்கு இங்க பரமபதம்தான் ஆடுவாங்க. பாம்பும் ஏணியும். சீட்டு எங்கேருந்து வந்துச்சு?

— அதானே பாருங்க. கொழும்புல எங்க ஆன்லைன் சீட்டாட்டக் கம்பெனியில உக்காந்து எவனோ எழுதினது. நான் படிக்கறவன், அவ்ளோதான்.

— நிஜம் என்ன?

— நிஜம் யாருக்குத் தெரியும்? பெங்களூர்ப் பக்கம் பொறந்துச்சும்பாங்க, ஆதாரம் கிடையாது. சீட்டுக்கட்டே போர்ச்சுக்கீசியன் கப்பல்ல வந்ததும்பாங்க. எனக்குத் தெரிஞ்சது எங்க அரியமங்கலம்தான். லேத் பட்டறைக்குப் பின்னால சாக்கை விரிப்பாங்க. நடுவுல ஒரு சீட்டைத் திறந்து வெச்சுட்டு, உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணுன்னு போட்டுக்கிட்டே வருவாங்க. திறந்த சீட்டுக்கு ஜோடி எந்தப் பக்கம் விழுதோ, அந்தப் பக்கத்துக்கு ஜெயம். போலீஸ் வந்தா சாக்கைச் சுருட்டிக்கிட்டு ஓட்டம். இப்ப சாக்குக்குப் பதிலா பச்சைத் துணி. எனக்கு ஒரு கோட்டை மாட்டிக் கேமரா முன்னால நிறுத்திட்டாங்க. நான் சீட்டுப் போடறதைப் போன்ல பாத்துக்கிட்டே சனங்க பணம் கட்டுவாங்க.

— வீட்டுல தெரியுமா?

— ஓட்டல்ல ரிசப்ஷன்னு சொல்லியிருக்கேன். ஒரு வகையில அதானே பாருங்க. வர்றவங்களைப் பேர் சொல்லி வரவேற்கணும். யாரு என்ன எழுதினாலும் சிரிச்சுக்கிட்டே பதில் சொல்லணும். அதான் என் வேலை. முடிச்சிடலாமா மேடம்? லீவு முடிஞ்சு கிளம்பறதுக்குள்ள இந்த விளம்பரத்தை அனுப்பியாகணும். இதை வெச்சுத்தான் எனக்குப் பெரிய டேபிள் குடுப்பாங்க.

— இதை நான் பதிவு பண்ண மாட்டேன்.

— என்ன மேடம்? இவ்ளோ நேரம்...

— நீங்க நிக்கற இடத்துல காலையில ஒரு அம்மா திருப்பாவை பாடிட்டுப் போனாங்க. அதுக்காகச் சொல்லல. உங்க குரல் எனக்குத் தெரியும்.

— நாம இன்னைக்குத்தானே பாக்குறோம்?

— பாத்ததில்ல. கேட்டிருக்கேன். எங்க வீட்டுச் சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து. என் தம்பி ரூமுல தினம் நீங்கதான். ‘வாங்க வாங்க, உக்காருங்க.’ அம்மா சாப்பிடக் கூப்பிட்டா வரமாட்டான். நீங்க கூப்பிட்டா உக்காந்துடுவான்.

— மேடம்...

— ஒரு நாள் போனைப் பிடுங்கினேன். என்ன சொன்னான் தெரியுமா? ‘இது நம்ம ஊரு ஆட்டம்க்கா. இதுல நம்மள ஜெயிக்க யாரு இருக்கா?’ உங்க இழுவை மாறாம அப்படியே சொன்னான். நான் கை நீட்டிட்டேன்.

— தம்பி இப்ப...

— மறுநாள் கிளம்பிப் போனான். ஆத்துல தண்ணி கரைபுரண்டு போன நேரம். பாலத்து மேல வண்டி மட்டும் நின்னுச்சு. உடம்பு கிடைக்கல. தர்ப்பையில உருவம் பண்ணிக் கொள்ளி வெச்சோம். வர்ற வாரம் அம்மாமண்டபத்துல வருஷத் திதி.

— அய்யோ... எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா. அங்க வர்றவங்க எனக்கு வெறும் பேருதாங்க. ஊரு தெரியாது, முகம் தெரியாது.

— தெரியும்னு நான் சொல்லல. ஆனா அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்க. அந்தப் பேரு ஞாபகம் இருக்கான்னு கேக்கணும்னுதான் இவ்ளோ நேரம் உங்களைப் பேச விட்டேன்.

— ஆயிரம் பேரு வருவாங்க மேடம். என்ன பேருல வருவாரு?

— நிஜப் பேரு ஹரிஹரசுதன். உங்க டேபிளுக்கு ‘முசிறி வாழை’. எங்க அப்பாவுக்கு வாழைத்தோப்பு.

— முசிறி வாழையா?

— ஏன் உக்காந்துட்டீங்க?

— எப்பவும் ‘வெளியே’லதான் கட்டுவாரு. ‘உள்ளே’ பக்கமே போகமாட்டாரு. அவரா?

— அவன்தான். ஞாபகம் இருக்குல்ல? இப்ப சொல்லுங்க, அந்த வரியை மறுபடியும் படிக்க முடியுமா உங்களால?

— மேடம், கொஞ்சம் இருங்க. திதியை நிறுத்துங்க. போன வெள்ளிக்கிழமை நான் லீவுல ஊருக்குப் போறேன்னு டேபிள்ல சொன்னேன். முசிறி வாழைதான் எழுதினாரு: ‘காவேரியில தண்ணி வந்துருச்சான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்கண்ணே.’