சேவல் இறகும் கொடுவா மீனும்

ஒட்டுக் கேட்கிற வழக்கம் எனக்கில்லை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போகிற காலை ரயிலில், எதிரே இருந்த தண்டவாளக் கூலிகள் இருவரும் சத்தமாகத்தான் பேசினார்கள். இளையவர் தீப்பெட்டியைத் திறந்து ஒரு தூண்டில் முள்ளைக் காட்டினார். அதில் சிவப்பு இறகு கட்டியிருந்தது.

“புழுவே வேண்டாம்ணே. இதைத் தண்ணிமேல வீசினா கொடுவா பாஞ்சு வந்து கவ்வும். துரை புடிச்சதை நானே பாத்தேன்.”

“மீனு கோழியா திங்குது?” என்றார் மூத்தவர்.

“பங்குனி பொறந்து காத்து அடங்கிருச்சு. முகத்துவாரத்துல தண்ணி தெளிஞ்சு கெடக்கு. பத்து மணிக்குக் கடல் ஏறும், கொடுவாவும் கூடவே ஏறும். இன்னிக்கு விட்டா கெடைக்காதுண்ணே.”

“இறகு ஏதுடா?”

“பொஞ்சாதி முனியாண்டிக்கு நேந்துவிட்ட சேவலோட வாலுண்ணே.”

மூத்தவர் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

“அடப்பாவி, வாலில்லாத சேவலைச் சாமி ஏத்துக்காதே.”

“சேவலுக்கு நல்லதுதானே.”

“உனக்கு?”

“அதான் பெருசாப் புடிக்கணும்ணே. சின்ன மீனுக்கெல்லாம் அவ சமாதானமாக மாட்டா.”