ஒன்பதாவது தாள்

என் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர்கள் முப்பது பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். அவர்களிலும் மூன்று பேர் மெய்ப்புத் திருத்தக் கூலி வாங்கியவர்கள். மற்றவர்கள் தங்களுக்கு வேண்டிய பக்கத்தைப் புரட்டி, மேற்கோள் எடுத்துக்கொண்டு மூடி வைத்துவிடுவார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஆய்வு நூல்கள் அப்படித்தான் வாழ்கின்றன. நீங்கள் சாவகாசமாகக் கேட்கிறீர்கள், விசாரணை அதிகாரி அவர்களே, அதனால் நானும் சாவகாசமாகவே சொல்கிறேன்.

மெக்சிகோவில், வஹாக்கா மாநிலத்தின் வடக்கு மலையில் சான் மெல்ச்சோர் யாதூனி என்ற சபோதெக் பழங்குடி ஊரைப் பற்றிய நூல் அது. காடு, நீர், பேச்சு, எல்லைத் தகராறுகள் என்று அறுநூறு பக்கம். எழுதி முடிக்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின. அந்த ஊரின் பழைய நிலப்பட்டயம்தான் அதற்கு முதுகெலும்பு. இருபத்திரண்டு தாள்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஊர் எழுத்தர் ஒருவர் அவர்கள் மொழியிலேயே எழுதியது. எந்தப் பாறையிலிருந்து எந்த மரம் வரை ஊருக்குச் சொந்தம் என்று அதில் இருந்தது. ஊர் மன்றத்தில் ஒரு தேவதாருப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள். பெட்டியின் காவல் செவெரோ யெஸ்காஸிடம் இருந்தது.

செவெரோவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சோளம் விதைப்பவர். என்னை 'அண்ணே' என்பார். அவர் மகள் நிக்கோலாசா பள்ளி முடித்தபோது நான்தான் ஞானத்தந்தையாக நின்றேன். அவளுடைய கல்லூரிச் செலவில் பாதி என்னுடையது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் அந்தப் பெண் என்னிடம் எப்படி நடந்துகொண்டாள் என்பதை நீங்கள் எடைபோட வேண்டுமல்லவா?

இரண்டாம் பதிப்பில் பட்டயத்தின் வண்ணப் படங்களைச் சேர்க்கப் பதிப்பகம் விரும்பியது. ஊர்க் கூட்டம் இரண்டு நாள் சண்டை போட்டது. வெளியூர்க்காரன் கையில் கொடுக்கக் கூடாது என்று பெண்கள் கத்தினார்கள். செவெரோ எழுந்து நின்று, "எங்க அண்ணன் திருப்பிக் கொண்டாந்து குடுப்பாரு. நான் ஜாமீன்" என்றார். கொடுத்தார்கள். பட்டயம் என் வீட்டில் ஐந்து வாரம் இருந்தது.

மூன்றாவது வாரம் நிக்கோலாசா வந்தாள். மொழியியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய பழைய எழுத்தை என்னைவிட வேகமாகப் படிப்பாள். மேசைமீது விரித்திருந்த ஒன்பதாவது தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா, இங்க தப்பாப் படிச்சிருக்கீங்க."

"எங்கே?"

"எல்லைப் பாறை ஊத்துக்கு மேல இருக்குன்னு போட்டிருக்கீங்க. மேல இல்ல, கீழ. ஒரே ஒரு எழுத்து. புழு அரிச்ச எடத்துல வால் மறைஞ்சுபோச்சு. வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க."

அப்படிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"ஊத்துக்கு மேலயும் கீழயும் பாறை இருக்கு, எல்லைப் பாறைக்கு மேலதான் எங்க நெலம். அது மேல இருந்தா ஊத்து எங்களுக்கில்ல. கீழ இருந்தா எங்களுக்கு. ஒங்க பொஸ்தகத்தக் காட்டித்தான் தண்ணி கம்பெனிக்காரன் கேஸ் போட்டிருக்கான். தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மாதான் இருக்கீங்களா? அக்டோபர் மாநாட்டுல நான் இதப் பேசப் போறேன். அதுக்கு முன்னாடி நீங்களே திருத்திட்டா ஒங்களுக்கு மரியாதை. ஊர்ப் பொண்ணு வந்து டாக்டருக்குப் பாடம் எடுத்தான்னு பேர் வேணாம்."

அவள் போன பிறகு தாளைச் சன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அது தெரிய நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

இங்கேதான் நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த எழுத்தை வைத்துத்தான் ஏழாம் அத்தியாயம் முழுவதையும் கட்டியிருந்தேன். மலை மக்கள் ஊற்றைத் தங்கள் எல்லைக்கு வெளியே, யாருக்கும் சொந்தமில்லாத புனித இடமாக விட்டுவைத்தார்கள் என்பது என் கண்டுபிடிப்பு. அந்த அத்தியாயத்துக்குத்தான் பரிசு கிடைத்தது. ஐந்து நாடுகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள். அதைப் படித்து எத்தனையோ இளைஞர்கள் காடுகளைக் காக்கக் கிளம்பியிருக்கிறார்கள். இத்தனையையும் ஒரு புழு அரித்த ஓட்டைக்காகக் கலைக்க வேண்டுமா? நான் நியாயமாகவே யோசித்தேன்.

ஒன்பதாவது தாள் மட்டும் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு தாள் காணாமல் போனால், அந்தத் தாளால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பார்கள். இருபத்திரண்டும் போனால் திருடன் என்று நினைப்பார்கள். அதனால் இருபத்திரண்டும். வண்ணப் படம் எடுக்கும் வேலை இன்னும் தொடங்கியிருக்கவில்லை; தாள்கள் வெளிச்சம் தாங்காது என்று பதிப்பகத்துக்கு எழுதி அதை நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சமையல்காரி பெத்ரா பூசைக்குப் போயிருந்தாள். அடுப்பில் அவள் விட்டுப்போன தணல் இருந்தது. அந்தக் காலத்துத் தாள் கந்தலில் செய்து தோல் பசை பூசியது, எளிதில் பற்றாது. ஒவ்வொன்றாகத்தான் வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் வைக்கும் முன் ஒருமுறை முழுதாகப் படித்தேன். அதைக் கடைசியாகப் படித்தவன் அதன் அருமை தெரிந்த ஒருவன் என்பதில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது. பெத்ரா திரும்பி வந்து, "என்னங்கய்யா, மாட்டுத் தோல் கருகுன மாதிரி நாத்தம்?" என்றாள். பால் பொங்கிவிட்டது என்றேன்.

பழம்பொருள் கடையில் ஒரு கோயில் கணக்கேடு வாங்கியிருந்தேன். நூற்றைம்பது வருடப் பழசு, பாதி எழுதாத வெற்றுத் தாள்கள். இருபத்திரண்டை அறுத்து எடுத்து, அவர்களுடைய அதே துணியில் சுற்றி, நூல் கட்டி, அரக்கு வைத்தேன். எடையும் மணமும் ஏறக்குறைய ஒத்துவந்தன. செவெரோ வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். ஊர்க் கூட்டத்தின் உத்தரவில்லாமல் கட்டைப் பிரிக்க அவருக்கு அதிகாரமில்லை. அது எனக்குத் தெரியும். பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு எழுதிக் காட்டினேன். பெருவிரல் ரேகை வைத்தார். எனக்கு ஒரு குவளை மெஸ்கால் சாராயம் ஊற்றிக் கொடுத்தார்.

அக்டோபரில் நிக்கோலாசா மாநாட்டில் பேசினாள். ஆதாரம் கேட்டார்கள். "அசல் எங்க ஊர்ல இருக்கு, வந்து பாருங்க" என்றாள். நவம்பரில் நில நீதிமன்றமும் அசலைக் கொண்டுவரச் சொன்னது. ஊர்க் கூட்டம் பெட்டியைத் திறக்க நாள் குறித்தது. என்னை அழைத்திருந்தார்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள்.

செவெரோ அரக்கை உடைத்தார். முதல் தாளை எடுத்துத் தலைவரிடம் நீட்டினார். அவர் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"இதுல எழுத்தே இல்லையே, செவெரோ."

"அடுத்தது பாருங்க."

இருபத்திரண்டையும் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு பெண், "எவ்வளவுக்கு வித்தேடா?" என்றாள். அவ்வளவுதான், மன்றமே எழுந்து நின்றது.

"நான் பிரிக்கவேயில்ல! சத்தியமாப் பிரிக்கவேயில்ல. அண்ணே, நீங்க சொல்லுங்க. நீங்க குடுத்தப்ப உள்ள இருந்துச்சுல்ல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. "நான் இருபத்திரண்டு தாள்கள் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதாக அவர் ரேகை வைத்த சீட்டு என்னிடம் இருக்கிறது" என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. நீங்கள் வேண்டுமானால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

செவெரோ வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. என் சீட்டு தவறாக இருக்காது என்று அவர் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். தான்தான் எங்கோ பிசகிவிட்டோம் என்று தேடுகிறவர் போல, காலிப் பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவினார்.

மூன்று நாள் ஊர்ச் சிறையில் வைத்தார்கள். வெளியே வந்த பிறகு கடையில் அவருக்கு உப்பு கொடுக்கவில்லை. ஆலையில் அவர் வீட்டுச் சோளத்தை அரைக்கவில்லை. கதவில் மலத்தை எறிந்தார்கள். எவ்வளவு கொடூரமான சனங்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் நூலில் அவர்களை மிகவும் மென்மையாக எழுதிவிட்டேன்.

அசல் இல்லாததால் நீதிமன்றம் என் நூலின் முந்நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தை ஏற்றது. ஊற்று தண்ணீர் நிறுவனத்துக்குப் போனது. அவர்களிடமிருந்து நான் ஒரு காசு வாங்கியதில்லை. வேலி போட்ட மறுவாரம் வேலிக்கு அந்தப் பக்கம், பாறைக்குக் கீழே செவெரோ கிடந்தார். வழுக்கி விழுந்தார் என்றும் சொல்கிறார்கள், குதித்தார் என்றும் சொல்கிறார்கள். அடக்கத்துக்கு மணி அடிக்க ஊர் சம்மதிக்கவில்லை. நான் மாலை அனுப்பினேன். நிக்கோலாசா அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

எட்டு மாதம் கழித்து அவளே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் ஒரு படம். என் வீட்டில் வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பதிப்பகம் அனுப்பிய புகைப்படக்காரர் முதல் நாள் சோதனைக்காக எடுத்தது. ஒன்பதாவது தாள். அப்படி ஒன்று அவரிடம் இருப்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"டாக்டர், அந்த ஞாயித்துக்கெழம நாத்தத்தப் பெத்ரா சொன்னா. இத எங்க எரிச்சீங்க?"

பெரியப்பா என்று கூப்பிடவில்லை.

"எங்கப்பா சாகறதுக்கு முந்துன நாள்கூட என்ன சொன்னாருன்னு தெரியுமா? 'அண்ணன் பேரு கெட்டுரக் கூடாது, அவரக் கோர்ட்டுக்கு இழுக்காதே'ன்னாரு. நான் இழுக்கத்தான் போறேன். நாயே."

வயதில் மூத்தவனைப் பார்த்துச் சொல்லும் சொல்லா அது? துக்கத்தில் இருந்தாள், நான் பொருட்படுத்தவில்லை.

மீதியை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். செவ்வாய்க்கிழமை என் அலமாரியில் அந்தக் கணக்கேட்டின் அட்டையும் மிச்சத் தாள்களும் கிடைத்தன. அறுத்த விளிம்புகள் பொருந்தின. அதை எப்போதோ எறிந்திருக்கலாம். பழைய நூலின் எந்தப் பகுதியையும் குப்பையில் போட எனக்கு மனம் வருவதில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பட்டயத்தை எரித்தது நான். வெற்றுத் தாளைக் கட்டிக் கொடுத்ததும் நான். செவெரோ யெஸ்காஸ் நிரபராதி என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்திருந்த ஒரே மனிதன் நான்.

ஆனால் பிழையை நான் அப்படியே விட்டுவிடவில்லை. அதையும் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் படத்தைக் காட்டிவிட்டுப் போனதும் உட்கார்ந்து ஏழாம் அத்தியாயத்தைத் திருத்தினேன். மூன்றாம் பதிப்பு போன வாரம் வந்துவிட்டது. பாறை ஊற்றுக்குக் கீழே இருப்பதை ஆசிரியர் தம் மறுவாசிப்பில் கண்டறிந்தார் என்று முன்னுரையிலேயே சொல்லியிருக்கிறேன். நூலைச் செவெரோவின் நினைவுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறேன். ஊருக்கு ஐந்து பிரதிகள் இலவசமாக அனுப்பினேன். இதுவரை ஒருவர்கூட நன்றி என்று ஒரு வரி எழுதவில்லை.